பேய் நகரத்தில் குடியிருக்கிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். கழுத்தில் கேமரா. சயனைடு மேட்டில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரத்தை எடுக்கிறார்கள், ஓடு சரிந்து கிடக்கும் வெள்ளைக்காரன் பங்களாவை எடுக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எழுதுகிறார்கள்: கோலார் தங்கவயல், கைவிடப்பட்ட ஊர். ஒரு காலத்தில் மினி இங்கிலாந்து, இன்றைக்கு ஆளரவமற்ற பேய் நகரம்.

ஆளரவமா இல்லை? மேட்டைவிட்டு இறங்கி வந்து டீ குடித்தாரே, அந்த டீயை ஆற்றிக் கொடுத்தது பேயா? விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் நிற்க இடமில்லாமல் ஆயிரக்கணக்கான சனம் தொங்கிக்கொண்டு போகிறதே, அது என்ன பேய்க் கூட்டமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தலை எண்ணப்பட்ட ஊர் அது. இதை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். முப்பது வருஷம் குழியில் இறங்கியவர். சிரித்தார், சிரிப்போடு இருமலும் வந்தது. "இன்னா பண்றது தம்பி, வெள்ளக்காரன் பூட்டான், ஆபீசரு பூட்டான், அவங்களுக்கு அதான் ஊரு. நாங்க கீறது எப்பவும் கண்ணுக்குத் தெரிஞ்சதில்ல, இப்ப மட்டும் தெரிஞ்சிடுமா?"

முழுப் பிரச்சினையும் இதுதான். சுரங்கம் கைவிடப்பட்டது, சரி. அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய சனத்தை யார் கைவிட்டது என்று எழுத மாட்டார்கள். அதை எழுதினால் எழுவாய் ஒன்று போடவேண்டியிருக்கும். 'கைவிடப்பட்டது' என்கிற செயப்பாட்டு வினை எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! எம்.ஏ. தமிழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் இந்த ஓரிடத்தில் பயன்பட்டது.

படிக்கிற காலத்தில் ஒரு கருத்தரங்கு. பேராசிரியர் ஒருவர் தங்கவயல் பற்றிக் கட்டுரை வாசித்தார். புலம்பெயர்ந்த தமிழரின் உழைப்பு, தமிழரின் பங்களிப்பு, கன்னட மண்ணில் தமிழ் மணம். நாற்பது நிமிஷம் போயிற்று. அதில் ஒரு தடவைகூடப் பறையர் என்கிற சொல் வரவில்லை. எழுந்து கேட்டேன்: ஐயா, குழிக்குள் இறங்கிய தமிழர் எந்தத் தெருத் தமிழர்? சபையில் சலசலப்பு. சாதியை இழுத்து ஒற்றுமையைக் கெடுக்கிறேனாம். சோற்றில் இல்லாத ஒற்றுமை, சுடுகாட்டில் இல்லாத ஒற்றுமை, எவனோ தோண்டிய தங்கத்துக்குப் பெருமை கொண்டாடும்போது மட்டும் வந்துவிடுகிறது.

தங்கத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார்? புத்தகத்தைப் புரட்டினால் லாவெல் என்று இருக்கும். மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லாவெல், அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மாவோரி மக்களை எதிர்த்து நடந்த போரில் சிப்பாயாக இருந்தவர். (அங்கே ஒரு மண்ணின் மக்களைச் சுட்டுவிட்டு இங்கே வந்தவர் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.) பெங்களூரில் ஓய்வாக இருந்தபோது பழைய ஏடு ஒன்றைப் படித்தார், மாட்டு வண்டி பிடித்துக் கோலாருக்கு வந்தார், 1870-களில் மைசூர் அரசாங்கத்திடம் சுரங்க உரிமம் வாங்கினார். கதாநாயகன் ரெடி.

அவர் படித்த பழைய ஏடு எது? ஜான் வாரன் எழுதியது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த பிரிட்டிஷ் லெப்டினன்ட் அவர். 1802-இல் இந்தப் பக்கம் வந்தவர் இங்கே தங்கம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்கு வெகுமதி என்றார். கிராமத்துச் சனம் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிப் பொன்துகளைக் காட்டியது. மாரிகுப்பத்தில் ஆட்கள் ஏற்கெனவே குழி தோண்டிக் கல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் ஆளுக்கு ஆள் கைமாற்றிக் கூடையில் கல் மேலே வந்தது, பெண்கள் அதைப் பாறையில் வைத்து இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் அலசினார்கள். இத்தனையும் வெள்ளைக்காரனே எழுதிவைத்தது. அப்படியானால் லாவெல் கண்டுபிடித்தது என்ன? ஏற்கெனவே வேலை நடந்த இடத்துக்கு ஒரு காகிதம் வாங்கினார். கண்டுபிடிப்பு என்று நம் வரலாற்றில் பேசப்படுவதில் பாதி இந்தக் காகிதம்தான். ஏரி வெட்டினவன் பேர் இருக்காது, ஏரியைத் தானம் கொடுத்தவன் பேர் கல்வெட்டில் இருக்கும்.

1802-இல் பூமிக்குள் இறங்கிக் கல் வெட்டியவன் எந்தச் சாதி என்பதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒரு எதிர்க்கேள்வி: அக்ரகாரத்திலிருந்து யாராவது இறங்கியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

1880-களில் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்துக்கு வந்தது. மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம் என்று குழிகள் வரிசையாக இறங்கின. ஆள் வேண்டும். அதற்குக் கொஞ்ச வருஷம் முன்புதான், 1876 தொடங்கி, தாது வருஷப் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் மைசூரையும் வழித்துத் தின்றிருந்தது. செத்தவர்களில் எந்தச் சேரியின் சனம் அதிகம் என்று சொல்லவேண்டியதில்லை. மிச்சம் இருந்தவர்கள் ஆண்டையின் கொட்டடியை விட்டுக் கிளம்பினார்கள். குடியாத்தத்திலிருந்து, வேலூரிலிருந்து, சித்தூர்ப் பக்கத்திலிருந்து கால்நடையாகவே வந்தவர்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கிழவிகள் 'கோலாருக்குப் போயிட்டான்' என்று சொல்கிற தொனியை நான் கேட்டிருக்கிறேன். செத்துப்போனான் என்பதற்கும் தப்பித்துப்போனான் என்பதற்கும் நடுவில் இருக்கும் அது. கூலி காசாக வந்தது. படியாள் இல்லை. தோளில் துண்டு போடலாம், செருப்பு மாட்டலாம். பூமிக்கு மேலே மனுசனாக நடக்கப் பூமிக்குக் கீழே இறங்கவேண்டியிருந்தது.

ஆனால் கம்பெனி ஆண்டையும் ஆண்டைதான். 1897-இல் மைசூர் சுரங்கச் சட்டம் வந்தது. ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனைத் துணி அவிழ்த்துச் சோதித்தார்கள். கையில் ஒரு துண்டுக் கல் அகப்பட்டால் ஜெயில். டன் கணக்கில் லண்டனுக்குக் கப்பல் ஏற்றியவனுக்கு ஷேர்ஹோல்டர் என்று பெயர், கோவணத்தில் குன்றிமணி அளவு வைத்திருந்தவனுக்குத் திருடன் என்று பெயர். குடியிருப்பைப் பாருங்கள். மேட்டில் வெள்ளைக்காரன் பங்களா, தோட்டம், 1885-இலேயே கிளப், கோல்ஃப் மைதானம். அதற்கடுத்து ஆங்கிலோ இந்தியர். காவலுக்குப் பஞ்சாபிகள். கணக்கெழுத மேல்சாதிக் குமாஸ்தா. கடைசியில் பள்ளத்தில் லைன்கள், மூங்கில் தட்டியை மண்ணில் நட்டுத் தகரமோ தட்டியோ போர்த்திய ஒற்றை அறை. ஊரும் சேரியும் என்று நாம் விட்டுவிட்டு வந்ததை இங்கிலீஷில் திரும்பக் கட்டியிருந்தார்கள். மினி இங்கிலாந்து என்று உருகுகிறவர்களே, அந்த இங்கிலாந்தின் சேரி எங்கே இருந்தது என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியை மின்சாரமாக்கி சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-இல். இதைச் சொல்லாத தங்கவயல் கட்டுரை கிடையாது. பெருமைதான். ஷாஃப்டுக்கும் மில்லுக்கும் பங்களாவுக்கும் போன கம்பி தட்டி வீட்டைத் தாண்டித்தான் போனது. தட்டி வீட்டில் சிம்னி விளக்கு.

குழி ஆழமாகிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3,200 மீட்டருக்குப் போய் நின்றது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்க்காற்றை மேலிருந்து இறக்கினாலும் கொதிப்பு அடங்காது. மேலே இருக்கிற பூமியின் பாரம் தாங்காமல் பாறை தானாகவே வெடிக்கும். ராக் பர்ஸ்ட். அது வெடித்தால் மேலே லைனில் பாத்திரம் உருளும். பாத்திரம் உருண்ட உடனே பெண்கள் எல்லாம் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். யார் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நின்றிருப்பார்கள். 1965-இல் இதே குழிக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானியரும் இங்கிலாந்துக்காரரும் கருவி வைத்து நியூட்ரினோ என்கிற துகளைப் பிடித்தார்கள். விஞ்ஞான வரலாற்றில் பெரிய சம்பவம், குறைத்துச் சொல்லவில்லை. கண்ணுக்கே தெரியாத துகளைப் பார்த்த இடத்தில் பக்கத்தில் நின்றிருந்த ஆளை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் பேச்சு.

அந்த ஆளின் நெஞ்சுக்குள் இருந்ததும் துகள்தான். கல்தூள். சிலிக்கோசிஸ். 1947-இல் வெளியான கப்லான், பர்டன் என்ற இருவரின் ஆய்வு, சோதித்த கோலார்ச் சுரங்கத் தொழிலாளரில் 43.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்ததைக் காட்டியது. நூறில் நாற்பத்துமூன்று! மருத்துவக் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இந்த எண் ஏறிவிட்டது, பையன்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அந்த 43.7-க்குப் பேர் கிடையாது. புள்ளிக்குப் பிறகு வரும் அந்த 7-ஐ நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இதுவரை எழுதியது துயரம். இதோடு நிறுத்தினால் கேமராக்காரருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் கட்டடத்தின் இடிபாட்டை எடுக்கிறார், நான் மனுசனின் இடிபாட்டை எழுதுகிறேன். நம் எழுத்தாளர்களே இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். தலித் என்றால் அழுகை.

தங்கவயல் அழுத ஊர் அல்ல, படித்த ஊர். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகை, பிறகு 'தமிழன்' என்று பேர்பெற்றது, குழியிலிருந்து மேலே வந்தவர்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பத்திரிகை. 1914-இல் பண்டிதர் மறைந்தார். பத்திரிகை தள்ளாடி நின்றது. 1926-இல் அதை மறுபடி உயிர்ப்பித்தது சென்னை அல்ல, மதுரைத் தமிழ்ச் சங்கம் அல்ல, இந்தத் தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை. பண்டிதரின் நூல்கள் அழியாமல் நம் கைக்கு வந்ததில் அந்தச் சின்ன அச்சகத்து மைக்குப் பங்கு உண்டு. தட்டி வீட்டில் குடியிருந்தவன் அச்சுக் கோத்தான் ஐயா! எட்டு மணி நேரம் கல் வெட்டிவிட்டு வந்து, இந்திரர் தேசம் எது, வேஷ பிராமணர் யார், யதார்த்த பிராமணர் யார் என்று தர்க்கம் செய்தான். நான் முதுகலை படித்த இரண்டு வருஷத்தில் என் பாடத்திட்டத்தில் இவர்கள் பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. மறுமலர்ச்சித் தமிழ் உரைநடை என்று பாடம் எடுத்தவருக்கு இந்த ஊர் ரயில் நிலையத்தின் பேராகக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

1930. கம்பெனி ஒரு உத்தரவு போட்டது: எல்லாத் தொழிலாளியும் கைரேகை பதிக்கவேண்டும். குற்றப் பரம்பரைக்கு எடுக்கிற மாதிரி ரேகை. தொழிற்சங்கத்துக்குச் சமஸ்தானத்தில் சட்ட அங்கீகாரமே வராத காலம். பெரிய தலைவர் எவரும் வந்து மேடை ஏறவில்லை. ஆயிரக்கணக்கில் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். கூலி உயர்வுக்கு அல்ல, கவனியுங்கள். நான் திருடன் அல்ல, என் விரலைக் கொடுக்க மாட்டேன் என்பதற்காக. 1927 மகாடுக்கு மூன்று வருஷம் தள்ளி நடந்த இந்த மறுப்பு அதே மானக் கணக்கில்தான் வரும். 1946-இல் மறுபடி வேலைநிறுத்தம். நவம்பரில் போலீஸ் சுட்டது. செத்தவர்களின் நினைவுநாளை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. கர்நாடக சட்டமன்றத்துக்கு இந்தியக் குடியரசுக் கட்சியின் பேரில் சி.எம். ஆறுமுகத்தை அனுப்பியதும் இதே தொகுதிதான்.

2018-இல் இந்த ஊரின் பேரையே தலைப்பாக வைத்து ஒரு சினிமா வந்தது. நாடே பார்த்தது. அதில் சுரங்கத்துச் சனம் முழுக்க அடிமை. வாய் திறக்காத கூட்டம். எங்கிருந்தோ ஒரு தாடிக்கார நாயகன் வந்து சுத்தியலால் அடித்து விடுதலை வாங்கித் தருகிறான். கற்பனைக் கதைதான், சினிமாவுக்கு வரலாறு எழுதும் கடமை இல்லை என்பார்கள். சரி. கற்பனைக்கும் சாதி இருக்கிறது என்பது மட்டும் என் கட்சி. நாயகன் வரும்வரை காத்திருக்கும் கும்பலாக மட்டும் நம்மை அவர்களால் கற்பனை செய்ய முடிகிறது, அச்சுக் கோக்கும் ஆளாகக் கற்பனை செய்ய முடியவில்லை. 2024-இல் 'தங்கலான்' வந்தது. பா. ரஞ்சித் படம். அதில் நம் ஆள் நடுவில் நிற்கிறான், அதற்கே எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் அது லாவெலுக்கும் முந்திய காலத்துக் கதை. மாரிகுப்பத்துச் சங்கத்தையும் 1930-ஐயும் எடுக்க இன்னும் ஒருவர் வரவேண்டும்.

சுதந்திரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசு வாங்கிக்கொண்டது, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பேர் வைத்தது. பங்களாவில் ஆள் மாறினான், லைனில் மாறவில்லை. எடுத்த தங்கத்தை அரசாங்கம் நெடுங்காலம் வெளிச்சந்தை விலைக்கு வாங்கவில்லை, அதைவிடக் குறைவான சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கு எடுத்துக்கொண்டது. அப்புறம் கணக்குப் பார்த்து நஷ்டம் என்றது. குறைந்த விலைக்கு எடுத்தவனே நஷ்டம் என்று சொல்கிற வியாபாரம் உலகத்தில் எங்கே நடக்கும்? கல்லில் தங்கம் குறைந்துகொண்டே வந்தது உண்மை, குழி ஆழமாக ஆழமாகச் செலவு ஏறியது உண்மை. அது மட்டுமே முழு உண்மை அல்ல. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். அந்த வருஷம் உலகச் சந்தையில் ஒரு அவுன்சு 300 டாலருக்கும் கீழே கிடந்தது. 2024-இல் 2,000 டாலரைத் தாண்டிவிட்டது. நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் இந்தக் குழிகளிலிருந்து போயிருக்கிறது. மூடின அன்றைக்கு லைனில் எத்தனை தாலியில் தங்கம் இருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூடின பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? விடியற்காலை ரயிலில் போனார்கள். செக்யூரிட்டி, கொத்து வேலை, ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை. போகாதவர்களில் சிலர் இன்னொரு குழியில் இறங்கினார்கள். ஆம், மலக்குழி. பழைய லைன்களின் கக்கூஸ்களைக் கையால் அள்ளுகிற வேலை 1993-இல் சட்டம் தடை செய்த பிறகும் இங்கே நடந்தது. 2011-இல் தங்கவயலில் மலக்குழியில் இறங்கினவர்கள் மூச்சு முட்டிச் செத்த பிறகுதான் பெங்களூர்ப் பத்திரிகைகளுக்கு இது தெரிந்தது. தாத்தா மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கினான், பேரன் பத்தடியில் செத்தான். 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் மூடிக்கிடந்த பழைய சுரங்கத்துக்குள் போன மூன்று பேர் திரும்பி வரவில்லை. தங்கம் திருடப் போனார்கள் என்று செய்தி. 1897-இன் வார்த்தை அப்படியே இருக்கிறது.

இப்போது மேட்டுக்கு வருவோம், போட்டோ எடுக்கிற அந்த மேட்டுக்கு. கல்லை அரைத்து சயனைடில் கழுவிக் கொட்டிய கழிவு மண். மொத்தம் 13 மேடு, சுமார் 3.3 கோடி டன். காற்றுக் காலத்தில் அது எழுந்து சோற்றில் விழும், கண்ணில் விழும், குழந்தையின் தொட்டிலில் விழும். இருபது வருஷமாக மேட்டை மூடுங்கள், செடி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிற சனம் உண்டு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த மேடுகளைத் திரும்பத் தோண்ட ஒப்புதல் தந்தது. அந்த மண்ணில் இன்னும் தங்கம் மிச்சம் இருக்கிறதாம். மண்ணை டன் போட்டு அளந்தாயிற்று, டன்னுக்கு எவ்வளவு தேறும் என்று கணக்கு வந்தாயிற்று. குடியிருக்கிற வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு அலைகிறவர்கள் இன்னும் அலைகிறார்கள். வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கா? தூசி யாருக்கு? நோயாளிகளை யார் கணக்கெடுப்பது? இந்தக் கேள்விகளை இப்போதே கேட்காவிட்டால், தோண்டி முடித்துவிட்டு இரண்டாம் தடவையும் 'கைவிடப்பட்ட ஊர்' என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

அதனால் தோழர்களே, ஒரு வேலை சொல்கிறேன். தங்கவயலில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் கூலிச் சீட்டு இருக்கிறது, குழிக்குள் இறங்குகிறவனுக்குக் கொடுத்த நம்பர் வில்லை இருக்கிறது, சில வீட்டில் 'தமிழன்' ஏடு மஞ்சளாகி மடிந்து கிடக்கிறது. எக்ஸ்ரே படம் இருக்கிறது. ஆண்டர்சன்பேட்டைப் பெரியவர் தன் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "பாத்தியா, மேடு மாதிரியே கீதுல்ல?" என்றார். இவற்றை நகல் எடுக்கவேண்டும், பேரோடு, ஷாஃப்டின் பேரோடு, இறங்கிய வருஷத்தோடு பதியவேண்டும். நாளைக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாலும் சரி, வரலாறு எழுதினாலும் சரி, கையில் இருக்கப்போவது இதுதான். கிழவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பெட்டிகளைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். இன்னும் ஆள் வேண்டும். காலையில் பெங்களூரிலிருந்து மாரிகுப்பத்துக்கு வருகிற வண்டியில் கூட்டம் இருக்காது, சனமெல்லாம் எதிர்ப்பக்கம் போகும். உட்கார இடம் கிடைக்கும்.